பற்றாசு

புதுச்சேரிக்கு வடமேற்கே, திண்டிவனம் செல்லும் பெருஞ்சாலையினின்று சற்று விலகி, விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் இரும்பை என்னும் சிற்றூர் இருக்கின்றது. கிழக்கே சில கல் தொலைவில் வங்கக்கடல். கரையோடு வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் இரும்புக்கும் இவ்வூருக்கும் ஏதோ தொடர்பு உண்டு போலும் என்று எண்ணத் தோன்றும். அங்ஙனம் அன்று. இலுப்பை மரத்துக்கு இருப்பை என்பது பழம்பெயர். அம்மரங்கள் மிக்கிருந்தமையால் ஊர் இப்பெயர் பெற்றது என்பர்.

இரும்பை மாகாளம் எனப்படும் இவ்வூர்ச் சிவன்கோயில் திருஞானசம்பந்தரால் பாடப்பெற்றது. இக்கோயிலைப் பற்றிச் செவிவழி வழங்கும் கதை ஒன்று உண்டு. கடுவெளிச் சித்தர் என்பவர் இவ்வூரில் தவம் செய்திருந்த காலத்தில், கோயில் விழாவில் ஆடிய நங்கை ஒருத்தியின் சிலம்பு கழன்று வீழ்ந்தது. ஆட்டம் தடைப்படாதிருத்தற்பொருட்டுச் சித்தர் அச்சிலம்பை எடுத்து அவள் காலில் அணிவித்தார். கூடியிருந்தோர் அதனைத் தவறாகக் கருதி நகைத்தனர். உள்ளம் நொந்த சித்தர் இறைவனை நோக்கி முறையிட்டுப் பாடவே, கருவறையில் இருந்த இலிங்கம் மூன்றாகப் பிளந்தது. பின்னர் மன்னன் பிழை பொறுக்குமாறு வேண்ட, அவர் மீண்டும் பாடினார். பிளவுகள் ஒன்று கூடின. கூடிய பின்னும் அவற்றைச் செப்புத் தகட்டால் சூழக் கட்டினர் என்பது கதை.

பாட்டினால் கூடிய கல்லுக்குச் செப்புக் கட்டு எதற்கு என்று வினவுவார் உளர். கதை சொன்னவர் உலகியல் அறிந்தவர் எனலே அதற்கு விடை. ஒருமுறை பிரிந்த பொருள் மீண்டும் சேர்ந்தால், சேர்ந்த இடமே அதன் மெலிந்த இடம் என்பதைத் தச்சர் அறிவர், கொல்லரும் அறிவர். இரண்டு பொருள்களைச் சேர்க்கக் கைத்தொழிலாளர் கையாளும் வழிகள் பல. புறத்தே கட்டிப் பிணைப்பது ஒன்று; ஊடே ஆணி செலுத்துவது ஒன்று; இரண்டுக்கும் இடையே, அவற்றினும் எளிதில் உருகும் வேறொரு பொருளை உருக்கி வார்த்து உறையச் செய்வது மற்றொன்று. இம்மூன்றாவது வழியில் இடையே நிற்கும் பொருளுக்குத் தமிழில் பற்றாசு என்று பெயர். அதனைச் சுருக்கி ஆசு என்றும் வழங்குவர்.

பொற்கொல்லர் இதனைப் பொடி என்பர். பொன்னோடு செம்பும் வெள்ளியும் அளவறிந்து கலந்து, பொன்னினும் குறைந்த வெப்பத்தில் உருகுமாறு செய்த கலவை அது. வெங்காரத்தைத் தடவி, பொடியை வைத்து, ஊதுகுழலால் தீயை ஊத, பொடி மட்டும் உருகி இடைவெளியில் ஓடிப் பாயும். அணியின் பொன் உருகாது நிற்கும். யாப்பிலக்கணம் வகுத்தோர் இத்தொழிலை நன்கு நோக்கியிருத்தல் வேண்டும். நேரிசை வெண்பாவில் முதற்குறட்பாவும் அதனை அடுத்து வரும் தனிச்சொல்லும் ஓசையால் இயையாது விட்டிசைக்குமாயின், இடையே ஓரசையோ ஈரசையோ இட்டு இணைப்பர். அவ்வசைக்கு ஆசு என்றும், அவ்வகைப் பாட்டுக்கு ஆசிடை நேரிசை வெண்பா என்றும் பெயர் இட்டனர். பற்றவைக்கும் பொருள் பற்றப்படும் பொருள்களினும் சிறியது, மெலியது. ஆயினும் அஃது இல்லையேல் முழுமை இல்லை என்பதை அவ்வுவமை நன்கு காட்டுகின்றது.

இக்காலத்தில் பற்றாசு மிகுதியாகப் பயன்படும் இடம் பொற்கொல்லரின் உலைக்களம் அன்று. வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி, கணிப்பொறி, மருத்துவமனையில் உயிர் காக்கும் கருவிகள், வானூர்தியின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஆகிய அனைத்தின் உள்ளும், செப்புக் கோடுகள் படிந்த ஒரு பலகையின்மேல் சிறுசிறு உறுப்புகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒரு கைப்பேசியினுள் இத்தகைய பற்றுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுள் ஒன்று விட்டாலும் கருவி வாய் மூடிவிடக்கூடும். இரும்பையிலும் அதனை அடுத்துள்ள ஆரோவில்லிலும் கூரைகளின்மேல் காணப்படும் சூரிய மின்தகடுகளிலும் இதே நிலைதான். தகட்டினுள் உள்ள சிலிக்கான் வில்லைகளைச் செப்பு நாடாக்கள் கோத்து நிற்கின்றன. வில்லையையும் நாடாவையும் பிணைப்பது பற்றாசே.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக மின்கருவிகளில் பயன்பட்ட பற்றாசு, வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. இவ்விரண்டும் வெவ்வேறு உலோகங்கள். வெள்ளீயத்தை நம் இல்லங்கள் நன்கு அறியும்; சாற்றமுது வைக்கும் ஈயச்செம்பு அதனால் ஆயது. அச்செம்பில் நீர் உள்ளவரை அடுப்பில் அஞ்சாது வைக்கலாம்; வெறும் செம்பைத் தணலில் வைத்தால் அஃது அடியோடு உருகி ஓடும். கொதிக்கும் நீர் 100 பாகைக்குமேல் சூடேறாமல் காக்கின்றது. வெள்ளீயமோ 232 பாகையில் உருகுகின்றது. காரீயம் உருக 327 பாகை வேண்டும். இவ்விரண்டையும் கலந்தால் உருகுநிலை இடைப்பட்டதாக இருக்கும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. நூற்றில் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை, இரண்டினும் குறைவாக, 183 பாகையிலேயே உருகுகின்றது. அன்றியும் குழைநிலை ஏதுமின்றி ஒரே வெப்பத்தில் உருகி ஒரே வெப்பத்தில் உறைகின்றது. விலை குறைவு, செம்பின்மேல் நன்கு பரவும், உறைந்தபின் பளபளக்கும். இத்தனை நலன்கள் ஒருங்கே அமைந்தமையால் அதனை விடுத்து வேறொன்றை நாடும் எண்ணம் நெடுங்காலம் எவருக்கும் எழவில்லை.

ஆனால் காரீயம் நஞ்சு. அது குருதியிற் கலந்தால் நரம்புகளையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு ஏதும் அறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் பெட்ரோலிலிருந்து காரீயம் நீக்கப்பட்டது இதுபற்றியே ஆகும். பயன் முடிந்து எறியப்படும் மின்கருவிகளைத் திறந்த வெளியில் எரித்தும் உருக்கியும் உலோகம் எடுப்போர் பெரும்பாலும் ஏழை மக்கள்; அப்புகையை உண்போர் அவர்தம் பிள்ளைகள். ஐரோப்பிய ஒன்றியம் 2003-ஆம் ஆண்டில் ஆணை ஒன்று இயற்றி, 2006-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கித் தன் சந்தைக்கு வரும் பெரும்பாலான மின்கருவிகளில் காரீயத்தை விலக்கியது. ஒரு பொருளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குமேல் காரீயம் இருத்தல் கூடாது என்பது வரம்பு. இந்திய அரசும் 2011-ஆம் ஆண்டில் மின்னணுக் கழிவு விதிகளை வகுத்து, 2012 மே முதல் நாளிலிருந்து நடைமுறைப்படுத்தி, அதே வரம்பைத் தழுவியது. திருப்பெரும்பூதூரில் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியதும் அந்த 2006-ஆம் ஆண்டிலேயே ஆகும். 2014-ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. எனினும் அவ்வட்டாரத்தில் மின்னணுத் தொழில் நிலைத்துவிட்டது. ஆயிரக்கணக்கான தமிழ்நாட்டு இளைஞரும் நங்கையரும் கையாண்ட பற்றாசு காரீயமில்லாத புதுக்கலவை.

அப்புதுக்கலவை யாது? வெள்ளீயம் நூற்றில் 96.5 பங்கு, வெள்ளி 3 பங்கு, செம்பு அரைப் பங்கு. இஃது உருகத் தொடங்கும் வெப்பம் 217 பாகை. பழைய கலவையினும் வலியது, விறைப்பானது. வெள்ளி சேர்வதால் விலையும் மிகுதி. பழையதினும் வலியதாயின் கவலைக்கு இடம் ஏது என்று கேட்கலாம். வலிமை வேறு, நெடுநாள் நிலைத்தல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்தற்கு உலோகங்களின் ஓர் இயல்பை அறிதல் வேண்டும்.

ஒரு கம்பியில் எடையைத் தொங்கவிட்டால் கம்பி சிறிது நீளும். எடையை எடுத்தால் பழைய நிலைக்கு மீளும். எடை அளவு கடந்தால் அறும். பொதுவாக நாம் அறிந்தவை இவ்விரண்டே. மூன்றாவது ஒன்று உண்டு. அறாத அளவுள்ள எடையை நாட்கணக்கில், திங்கட்கணக்கில் தொங்கவிட்டால், எடை கூடாமலே கம்பி மெல்ல மெல்ல நீண்டுகொண்டே செல்லும். இதனை ஊர்வு என்பர். எறும்பு ஊர்வது கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. 1910-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஆந்திரேடு என்னும் இயற்பியலறிஞர் காரீயக் கம்பிகளைத் தொங்கவிட்டு இதனை நுணுகி ஆராய்ந்து வெளியிட்டார். அவர் எதிர்கொண்ட இடர்ப்பாடு ஒன்று சுவையானது. கம்பி நீள நீள மெலிகின்றது. மெலிந்த கம்பிக்கு அதே எடை மிகுந்த சுமையாகின்றது. ஆகவே அளக்கும்போதே அளவுகோல் மாறிவிடுகின்றது. இதனைத் தவிர்க்க அவர் எடைக்கட்டியைத் தக்க வடிவில் செய்து நீரில் தோயவிட்டார். கம்பி நீளுந்தோறும் கட்டி மேலும் மூழ்கும். நீர் அதனைத் தாங்க, சுமை குறையும். கம்பியின் பருமனுக்கு ஏற்ற சுமையே எப்பொழுதும் நிற்கும். இவ்வாறு அளந்ததில், கம்பி முதலில் விரைந்து நீண்டு, பின்னர்த் தளர்ந்து, அதன்பின் ஒரே சீராக ஊர்வது புலனாயிற்று. அச்சீரான ஊர்வின் முடிவில் மீண்டும் விரைவு கூடும். அறுதல் அதனை அடுத்து வரும்.

எல்லா உலோகமும் எல்லா வெப்பத்திலும் இங்ஙனம் ஊர்வதில்லை. இரும்புத் தூண் நூறாண்டு நின்றாலும் குறுகுவதில்லை. மேலை நாட்டுப் பழைய தேவாலயங்களின்மேல் வேய்ந்த காரீயத் தகடுகளோ தம் எடையாலேயே சரிவில் இறங்கிவிடுகின்றன. காரணம், உருகுநிலைக்கு உலோகம் எவ்வளவு அருகில் இருக்கின்றது என்பதே. இதனைக் கணக்கிடும்போது வெப்பத்தைப் பனிக்கட்டியின் நிலையிலிருந்து எண்ணுதல் கூடாது. வெப்பம் என்பதே அறவே இல்லாத நிலையிலிருந்து எண்ணுதல் வேண்டும். அந்நிலை பனிக்கட்டிக்கு 273 பாகை கீழே உள்ளது. ஆகவே 30 பாகையில் இருக்கும் நம் அறை உண்மையில் 303 பாகையில் இருக்கின்றது. 183 பாகையில் உருகும் பழைய பற்றாசின் உருகுநிலை 456. அஃதாவது, நாம் இனிதே அமர்ந்திருக்கும் அறையில், பற்றாசு தன் உருகுநிலையின் மூன்றில் இரு பங்கை எட்டிவிட்டது! இரும்பு அந்நிலையை எட்ட வேண்டுமாயின் அதனைத் தொள்ளாயிரம் பாகைக்குமேல் செந்தணலாகக் காய்ச்சுதல் வேண்டும். கொல்லன் சம்மட்டியால் அடித்து வளைக்கும் பழுத்த இரும்பு எந்நிலையில் உள்ளதோ, அந்நிலையில் நம் கைப்பேசியின் பற்றாசு எந்நேரமும் உள்ளது. புதிய கலவையும் இதற்கு விலக்கன்று. அஃது எட்டியிருப்பது பத்தில் ஆறு பங்குக்குச் சற்று மிகுதி. உருகுநிலையின் பாதியைக் கடந்துவிட்டாலே ஊர்வு தலைகாட்டும் என்பது பொது விதி.

சரி, பலகையின்மேல் சும்மா அமர்ந்திருக்கும் பற்றாசுக்குச் சுமை ஏது? அதன் சுமை எடையன்று, வெப்பம். எப்பொருளும் சூடேறினால் விரியும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் விரிவதில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள செம்பு ஒரு பாகை சூடேறினால் 17 மைக்ரான் நீளும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே நீளமுள்ள சிலிக்கான் 3 மைக்ரானுக்கும் குறைவாகவே நீளும். மின்கருவிப் பலகை ஏறத்தாழச் செம்பைப் போல் விரியும். அதன்மேல் பற்றவைத்த பீங்கான் உறுப்பு 7 மைக்ரானுக்குமேல் விரியாது. இருவர் கைகோத்து நடக்கையில் ஒருவர் நீண்ட அடியும் மற்றவர் குறுகிய அடியும் வைத்தால், கோத்த கைகள் என்ன பாடுபடும்? பற்றாசு அந்தக் கைகள்.

கணக்கிட்டுப் பார்ப்போம். உறுப்பின் நீளம் 20 மில்லிமீட்டர் என்க. நடுவிலிருந்து கோடிக்கு 10 மில்லிமீட்டர். கருவி வேலை செய்யும்போது வெப்பம் 50 பாகை உயர்ந்தால், பலகைக்கும் உறுப்புக்கும் உள்ள விரிவு வேறுபாடு கோடியில் 5 மைக்ரான் ஆகும். மயிரிழையின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதனைப் பொருட்படுத்தலாமா? பற்றாசின் உயரத்தை நோக்குக: அது 100 மைக்ரான் அளவே. நூறு மைக்ரான் உயரமுள்ள ஒரு தூணின் தலை ஐந்து மைக்ரான் நகர்கின்றது. இருபதடி உயரமுள்ள தூண் நாள்தோறும் ஓரடி சாய்ந்து நிமிர்ந்தால் எங்ஙனம் இருக்குமோ அங்ஙனம் இருக்கின்றது இது.

கூரைமேல் உள்ள சூரியத் தகட்டில் இச்சாய்வும் நிமிர்வும் நாள்தோறும் நிகழ்கின்றன. பங்குனி, சித்திரை நண்பகலில் தகட்டின் வெப்பம் 60 பாகையையும் கடக்கும். விடியலில் 25 பாகைக்கு இறங்கும். காலையில் சூடேறும்போது பற்றாசு இழுக்கப்படுகின்றது. இழுபட்ட நிலையில் அது சும்மா இருப்பதில்லை. பகல் முழுதும் சிறிது சிறிதாக ஊர்ந்து, இழுப்புக்கு இணங்கித் தளர்ந்துவிடுகின்றது. மாலையில் குளிரும்போதோ பழைய இடம் அதற்கு இப்பொழுது அயலிடம், எதிர்ப்புறமாக இழுபடுகின்றது. இரவெல்லாம் அதற்கும் இணங்கி ஊர்கின்றது. ஆண்டுக்கு 365 முறை. தகட்டுக்குச் சொல்லப்படும் 25 ஆண்டு வாழ்நாளில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முறை. ஒவ்வொரு முறையும் உலோகத்தின் உள்ளே நுண்ணிய மணிகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன. மணிகளின் எல்லையில் கண்காணாத் துளைகள் தோன்றுகின்றன. துளைகள் சேர்ந்து விரிசல் ஆகின்றன. 1950-களில் காஃபின், மான்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் தனித்தனியே ஆராய்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் உலோகம் எவ்வளவு நிலைபெயர்கின்றது என்பதைக் கொண்டு அஃது எத்தனை சுற்றுகள் தாங்கும் என்று கணிக்கும் விதியை வகுத்தனர். அவ்வாட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் வாழ்நாள் ஏறத்தாழ நான்கு மடங்காகும். பற்றாசுத் தூணின் உயரத்தைச் சிறிது கூட்டுவதற்குப் பொறியாளர் படாத பாடு படுவதன் காரணம் இதுவே.

இரும்பை போன்ற கடற்கரைப் பகுதியில் வேறோர் இடரும் சேர்கின்றது. உப்பு கலந்த ஈரக்காற்று எங்குப் பிளவு உண்டோ அங்குப் புகும். விரிசல் திறந்த பற்றாசுக்குள் அது புகுந்தால், அரிப்பு ஊர்வுக்குத் துணை நிற்கும். சூரியத் தகட்டில் ஒரு நாடாவின் பற்று விட்டால் அவ்வழிச் செல்ல வேண்டிய மின்னோட்டமும் எஞ்சிய பற்றுகள் வழியே நெருக்கிக்கொண்டு செல்லும். அவ்விடம் கொதித்துக் கருகும். கடற்கரையில் நிறுவத்தக்க தகடுகளை உப்புப் புகையில் வைத்துச் சோதித்தல் இதுபற்றியே. எவ்வகைத் தகடாயினும், 40 பாகை உறைகுளிருக்கும் 85 பாகை வெப்பத்துக்கும் இடையே 200 முறை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது அனைத்துலக வழக்கு.

இனிப் புதிய கலவை இவ்வூர்வை எங்ஙனம் தாங்குகின்றது என்று காண்போம். அதனுள் வெள்ளியும் வெள்ளீயமும் கூடி நுண்ணிய துகள்களாகப் பரந்து நிற்கின்றன. சேற்று நிலத்தில் நெருங்க அடித்த முளைகள் சேறு சரியாமல் தடுப்பதுபோல், அத்துகள்கள் உலோகத்தின் ஊர்வைத் தடுக்கின்றன. ஆதலின் மிதமான வெப்ப ஏற்ற இறக்கத்தில் புதிய பற்றாசு பழையதினும் நெடுநாள் நிற்கின்றது. இல்லங்களில் பயன்படும் கருவிகளுக்கு இது போதும். ஆனால் ஏற்ற இறக்கம் மிகக் கடுமையாகும்போதும், உறுப்பு பெரிதாகிப் பீங்கானாகவும் இருக்கும்போதும் நிலைமை தலைகீழாகின்றது. இளகிய பழைய கலவையே அங்கு மிகுதியாகத் தாங்கக் காண்கின்றோம். மேலும் அம்முளைகள் என்றும் ஒரே நிலையில் இருப்பன அல்ல. நாட்பட நாட்படச் சிறு துகள்கள் கரைந்து பெருந்துகள்களோடு சேர்கின்றன. பல சிறு முளைகள் இருந்த இடத்தில் சில பெரு முளைகளே எஞ்சுகின்றன. இடைவெளி கூட, ஊர்வு தலைதூக்குகின்றது. பயன்படுத்தாமல் பேழையில் வைத்திருந்தாலும் இம்மாற்றம் நிகழும் என்பது வியப்பு.

வெள்ளீயத்துக்கு இயல்பாகவே ஒரு கோணல் உண்டு. அதன் படிகம் ஒரு திசையில் விரியும் அளவில் பாதியே மற்றத் திசைகளில் விரிகின்றது. பழைய பற்றாசில் எண்ணிறந்த சிறு மணிகள் பல திசை நோக்கி நின்றமையால் இக்கோணல் ஒன்றையொன்று ஈடுசெய்தது. புதிய பற்றாசின் ஒரு சிறு குண்டிலோ பெரும்பாலும் ஒன்றிரண்டு படிகங்களே உள்ளன. ஆகவே ஒரே பலகையில், ஒரே நாளில், ஒரே உலையில் பற்றவைத்த இரண்டு குண்டுகளுள் ஒன்று நெடுநாள் வாழ்ந்து, அதன் அண்டையில் உள்ளது விரைவில் விரிசல் காணலாம். உடன்பிறந்தார் இயல்பு வேறுபடுதல் போன்றது இது. கணக்கிட்டு உரைக்கும் பொறியாளரைப் பெரிதும் இடர்ப்படுத்துவதும் இதுவே.

மற்றொரு குறை கீழே விழும்போது வெளிப்படுகின்றது. பற்றாசு செம்பைப் பற்றுவது வெறும் ஒட்டுதல் அன்று. உருகிய வெள்ளீயம் செம்பைச் சிறிது கரைத்து, அதனோடு கூடி, இரண்டும் அல்லாத ஒரு புதுச் சேர்மமாகப் படிகின்றது. அப்படலம் இல்லையேல் பற்று இல்லை. அப்படலம் தடித்தால் பற்றுக்கே கேடு. ஏனெனில் அது கண்ணாடி போல் நொறுங்கும் இயல்பினது. கைப்பேசி தரையில் விழும்போது, இளகிய பழைய பற்றாசு அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும், விறைத்த புதிய பற்றாசு அதனை அப்படியே படலத்துக்கு அனுப்பிவிடும், படலம் நொறுங்கும். வெள்ளியின் அளவை ஒரு பங்காகக் குறைத்துக் கலவையைச் சற்று இளக்குவதும், உறுப்புக்கும் பலகைக்கும் இடையே பசையை நிரப்புவதும் இதற்குக் கண்ட மாற்றுகள்.

தூய வெள்ளீயத்தின் மேற்பரப்பில், தானாகவே மயிர்போன்ற நுண்ணிழைகள் முளைப்பதும் உண்டு. அடுத்துள்ள இரண்டு மின்கம்பிகளை அவ்விழை தொட்டுவிட்டால் கருவி அழியும். 1998-ஆம் ஆண்டு மே மாதம் காலக்சி நான்கு என்னும் அமெரிக்கச் செய்தித் தொடர்புக் கோள் செயலிழந்ததற்கு இவ்விழையே காரணம் எனக் கருதப்படுகின்றது. வெள்ளீயத்தோடு சிறிது காரீயம் கலந்தாலே இழை முளைப்பது பெரிதும் அடங்கிவிடும். விண்கலம் செய்வோர் இன்றும் காரீயக் கலவையைக் கைவிடாமைக்கு இஃது ஒரு காரணம். கூரைமேல் நிலையாக நிறுவும் சூரியத் தகடுகளுக்கும் ஐரோப்பிய ஆணை விலக்கு அளித்திருக்கின்றது. எனவே ஓர் இல்லத்தில் கூரைமேல் உள்ள தகட்டில் பழைய பற்றாசும், கீழே கையில் உள்ள கைப்பேசியில் புதிய பற்றாசும் இருத்தல் கூடும்.

இத்தனை நுண்மையும் ஆய்கூடத்தார் பொழுதுபோக்கு என்று கருதுவார்க்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறல் வேண்டும். 2014-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் விடியலில், இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட ஏர் ஏசியா வானூர்தி சாவகக் கடலில் வீழ்ந்தது. அதில் இருந்த 162 பேரும் மாண்டனர். அடுத்த ஆண்டில் வெளிவந்த ஆய்வறிக்கை, வானூர்தியின் சுக்கான் அசைவை வரையறுக்கும் கருவியில், மின்பலகை ஒன்றன் பற்றாசு விரிசல் கண்டிருந்ததைத் தெரிவித்தது. தரையில் வெம்மை, வானில் கடுங்குளிர் என மாறி மாறி உற்ற வெப்ப ஏற்ற இறக்கமே அவ்விரிசலுக்கு வழிவகுத்தது. விரிசல் சில வேளை கூடும், சில வேளை பிரியும். ஆதலின் பழுது தோன்றித் தோன்றி மறைந்தது. முந்திய ஓராண்டில் அவ்வூர்தியில் இத்தகைய பழுது 23 முறை குறிக்கப்பட்டிருந்தது. வானில் மீண்டும் மீண்டும் எச்சரிக்கை ஒலித்தபோது விமானிகள் மேற்கொண்ட செயலும் அதன்பின் ஊர்தியைக் கட்டுப்படுத்த இயலாமையும் சேர்ந்தே அழிவை விளைத்தன. விரிசல் ஒன்றே அழித்தது என்று கூறுதல் பொருந்தாது. அப்பற்றாசு எக்கலவை என்பதும் இங்கு வினாவன்று. எக்கலவையாயினும் வெப்பத்தின் ஏற்ற இறக்கத்தில் உழலும் பற்று ஊரும், ஊர்ந்தது பிளக்கும்.

வானொலி பழுதுபார்ப்போர் இத்தகைய விரிசலை டிரை சால்டர் என்று தம் வழக்கில் கூறுவர். தட்டினால் பாடும், விட்டால் நிற்கும் பெட்டியைக் கண்டவுடன் அவர்கள் நோயை அறிந்துகொள்வர். பலகையைத் திருப்பி, உருப்பெருக்கியால் நோக்கி, பற்றைச் சுற்றிக் கரிய வளையம் தெரிந்தால், அவ்விடத்தைச் சூட்டுக்கோலால் தொட்டு மீண்டும் உருக்குவர். முன்பு இஃது எளிது. இக்காலத்தில் பலகை எக்கலவையால் பற்றவைக்கப்பட்டது என்பதை அறிந்தே கோலை எடுத்தல் வேண்டும். புதிய பற்றின்மேல் பழைய கலவையை அரைகுறையாக உருக்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகாமல், முன்னையினும் மெலிந்த பற்று அமையக்கூடும். பழைய ஈயம் முழுவதையும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பதே முறை. காரீயக் கலவையைக் கையாண்டவர் கை கழுவாமல் உணவு உண்ணலாகாது.

இப்பொழுது வெள்ளீயத்தோடு பிசுமத்து என்னும் உலோகத்தைக் கலந்து மற்றொரு பற்றாசு பரவி வருகின்றது. அதில் காரீயம் இல்லை. அஃது 138 பாகையிலேயே உருகுகின்றது. ஆதலின் உலையின் எரிபொருட்செலவு குறைகின்றது. மெல்லிய பலகைகள் சூட்டில் கோணுவதும் குறைகின்றது. முன்னர்க் கூறிய கணக்கை இதற்கும் பொருத்திப் பார்த்தால், 138 பாகை என்பது 411 ஆகும். நம் அறையின் 303 அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. நொறுங்கும் இயல்பும் பிசுமத்துக்கு உண்டு. இதன் ஊர்வையும், விழும்போது தாங்கும் திறனையும் ஆய்கூடங்களில் அளந்து வருகின்றனர்.